மனநலத்துக்கு ஒரு நிமிட ரீல்: எதைச் சொல்வது, எப்படி எடுப்பது, போட்ட பிறகு என்ன செய்வது

மனநல விழிப்புணர்வு என்ற பெயரில் வரும் ரீல்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. மழைத்துளி வழியும் ஜன்னல், சோகமான பியானோ, "நீங்கள் தனியாக இல்லை" என்று ஒரு வரி. பார்ப்பவருக்கு ஒரு நொடி மனசு இளகும், அதற்குள் விரல் அடுத்த ரீலுக்குத் தள்ளிவிடும். மூன்று வாரமாகத் தூக்கமில்லாமல் தவிக்கும் ஒருவருக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. யாரிடம் போவது, அங்கே என்ன கேட்பார்கள், எவ்வளவு செலவாகும், வீட்டில் எப்படிச் சொல்வது? இதில் ஏதாவது ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால்தான் குறும்பதிவு உருப்படியாகிறது.

பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. நோய்க்கு நோய் வேறுபட்டாலும், அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வரவில்லை. இந்த எண்களை ரீலில் போட வேண்டாம், பார்ப்பவருக்கு அவற்றால் பயனில்லை. பதிவு போடுகிறவர் மனதில் வைத்துக்கொள்ளத்தான் அவை. நாம் நிரப்ப வேண்டியது வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை.

கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டக் குழுக்கள், உளவியல் மாணவர்கள், ஆலோசகர்கள், மாவட்ட மனநலத் திட்டப் பணியாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு வாக்கியம்

கேமராவைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் இதை எழுதி நிரப்புங்கள்: "இதைப் பார்த்த பிறகு இன்னார், இன்னதைச் செய்ய வேண்டும்." 'இன்னார்' என்ற இடத்தில் 'பொதுமக்கள்' என்று எழுதினால் அந்த ரீல் தேறாது. 'இன்னது' என்ற இடத்தில் 'விழிப்புணர்வு அடைய வேண்டும்' என்று வந்தாலும் அப்படித்தான்.

தேறுகிற வாக்கியங்கள் இப்படி இருக்கும். பிளஸ் டூ படிக்கும் பிள்ளையின் அப்பா, ரிசல்ட் அன்றைக்கு மார்க்கைக் கேட்பதற்கு முன் "சாப்பிட்டியா" என்று கேட்க வேண்டும். மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள் ஆனவர், "ஒண்ணும் தெரியலையே" என்று தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் பேச வேண்டும் (அந்த மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும்). பிரசவமாகி இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்காத பெண்ணின் அம்மா, குழந்தையின் ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது, அல்லது அதற்கு முன்பே, கிராம சுகாதார செவிலியரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

ஒரு ரீலுக்கு ஒரு வாக்கியம்தான். இரண்டு சேதி இருந்தால் இரண்டு ரீல் எடுங்கள்.

45 விநாடி, ஒரு மாதிரி

எங்களைக் கேட்டால், ஒரு ஊருக்கு முதலில் எடுக்க வேண்டிய ரீல் அந்த ஊர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வழி காட்டுவதுதான். வாசல் தெரியாததாலும் உள்ளே என்ன ஆகுமோ என்ற பயத்தாலும் தள்ளிப்போடுகிறவர்கள் ஏராளம். எழுத்து இப்படி:

0–3 விநாடி. கையில் ஓ.பி. சீட்டு, நெருக்கத்தில். "மனநலப் பிரிவுக்குப் போனா என்னதான் நடக்கும்?"

3–12. மருத்துவமனை முகப்பு, சீட்டு தரும் ஜன்னல். "நம்ம அரசு ஆஸ்பத்திரியில சீட்டு வாங்குற இடத்துல 'மனநலம்'னு சொன்னாப் போதும். காசு கிடையாது."

12–26. வராந்தா, அறை எண் பலகை. "முதல்ல பேசத்தான் செய்வாங்க. தூக்கம் எப்படி, பசி எப்படி, எத்தனை நாளா இப்படின்னு கேப்பாங்க. போன உடனே ஷாக் வைப்பாங்க, கட்டிப் போடுவாங்கன்னு பயப்பட வேண்டாம்."

26–36. மருந்து தரும் இடம். "மாத்திரை தேவைன்னா அங்கேயே தருவாங்க. கூட ஒருத்தர் வந்தா நல்லது. தனியாப் போனாலும் பார்ப்பாங்க."

36–45. வெறும் பின்னணியில் எண் மட்டும். "போக யோசனையா இருந்தா 14416க்கு அடிங்க. தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது."

இது ஏறக்குறைய 60 சொல். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்குச் சற்று முன்பின் வரும். 45 விநாடிக்குள் நூற்றிருபது சொல்லைத் திணித்தால் செய்தி வாசிப்பு மாதிரி ஓடும். கேட்கிறவர் ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். எழுதியதைப் போனில் நேரம் வைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு வாங்கினால் வெட்டுங்கள்.

படமெடுக்க மருத்துவமனை டீன் அல்லது கண்காணிப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். காலையில் கூட்டம் இருக்கும்போது போகாதீர்கள். புறநோயாளிப் பிரிவு முடிந்து வராந்தா காலியான பிறகு எடுத்தால் நோயாளி முகம் விழும் கவலையே இல்லை. கையில் காட்டும் சீட்டு பெயர் எழுதாததாக இருக்கட்டும். மனநலப் பிரிவு தினமும் உண்டா, குறிப்பிட்ட கிழமைகளில் மட்டுமா என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். அதை நேரில் கேட்டுத் தலைப்புரையில் (கேப்ஷன்) எழுதுங்கள். தவறான கிழமையில் வந்து திரும்பிப் போனவர் மறுமுறை வருவது கஷ்டம்.

"ஷாக்" (மின் அதிர்வுச் சிகிச்சை) பற்றிக் கமெண்டில் நிச்சயம் கேட்பார்கள். அப்படி ஒரு சிகிச்சையே இல்லை என்று மழுப்பாதீர்கள். தேவைப்படும் சிலருக்கு மட்டும் அது தரப்படுகிறது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் தருவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. இவ்வளவு சொன்னால் போதும்.

என்ன பேச்சில் சொல்வது

நம் ஊரில் "எனக்கு மனச்சோர்வு" என்று யாரும் டாக்டரிடம் போவதில்லை. "உடம்பெல்லாம் அசதி", "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "தலை பாரமாவே இருக்கு", "எதுலயும் பிடிப்பில்ல" என்றுதான் சொல்வார்கள். ஈ.சி.ஜி. எடுத்து எல்லாம் நார்மல் என்று திரும்பி வந்தவர்கள் இதில் நிறையப் பேர். ரீலின் முதல் வரி அந்தப் பேச்சிலேயே இருக்கட்டும், நோயின் பெயர் இருபதாவது விநாடியில் வந்தால் போதும். படபடப்பைப் பற்றிப் பேசும்போது, இதய டாக்டரை முதலில் பார்த்துவிடச் சொல்ல மறக்காதீர்கள். நெஞ்சு வலியை எல்லாம் மனசு என்று ஒதுக்கச் சொல்லும் ரீல் ஆளையே கொன்றுவிடும்.

கோயில், தர்கா, மந்திரிப்பு ஆகியவற்றைக் கிண்டல் செய்யும் பதிவுகளுக்கு லைக் குவியும். பலன் நேர்மாறானது. அங்கே போய்க்கொண்டிருக்கும் குடும்பம் உங்கள் பக்கம் திரும்பவே திரும்பாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவுக்குப் பேர்போன ஏர்வாடியில், காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்ததை யாரும் மறக்க முடியாது. ஆனால் அதே ஏர்வாடியில் பிறகு அரசு கொண்டுவந்த வழி, பிரார்த்தனைக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மருந்தும் தருவது. "சாமியையும் கும்பிடுங்க, மாத்திரையையும் நிறுத்தாதீங்க" என்ற ஒரு வரி வீட்டுப் பெரியவர்களிடம் எடுபடும்.

அறிகுறிப் பட்டியல் வேண்டாம்

"இந்த ஐந்து அறிகுறி இருந்தால் உங்களுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவுக் கோளாறு)" என்ற வகைப் பதிவு எளிதில் பரவும். காரணம், அந்த ஐந்தும் எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கும். சாவியைத் தேடாதவர் யார்? இதனால் இரண்டு கெடுதல். நோய் இல்லாதவர் தனக்குப் பெயர் சூட்டிக்கொள்கிறார். நோய் இருப்பவரை "ரீல் பார்த்துச் சொல்றே" என்று வீட்டில் ஒதுக்குகிறார்கள்.

அறிகுறி சொல்லியே ஆக வேண்டுமென்றால் கூடவே மூன்றைச் சேருங்கள்: எத்தனை நாளாக, அன்றாட வேலை எவ்வளவு கெடுகிறது, எங்கே காட்டுவது. மனச்சோர்வுக்கு மருத்துவர்கள் பார்க்கும் அளவு, பெரும்பாலான நேரம், ஏறக்குறைய தினமும், குறைந்தது இரண்டு வாரம். "இரண்டு வாரம்" என்ற சொல் அறிகுறியோடு ஒரே திரையில் தெரிய வேண்டும். அடுத்த திரைக்குத் தள்ளினால் முதல் திரையை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவார்கள். மருந்தின் பெயரும் அளவும் எந்தப் பதிவிலும் வேண்டாம்.

தற்கொலை பற்றிப் பேசும்போது

இங்கே மட்டும் விதிகள் கடுமையானவை, காரணமும் தெளிவானது. வியன்னாவில் மெட்ரோ ரயில் தற்கொலைகளைப் பத்திரிகைகள் பரபரப்பாக எழுதிவந்த காலத்தில் அவை கூடின. 1987இல் செய்தி எழுதும் முறைக்கு வழிகாட்டல் வந்து, பத்திரிகைகள் அதைப் பின்பற்றியதும் வெகுவாகக் குறைந்தன. அதன் பிறகு பல நாடுகளில் இதே போக்கு தென்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலை ஒட்டி இந்திய பிரஸ் கவுன்சில் 2019இல் பத்திரிகைகளுக்கு விதிமுறை தந்தது. போன் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இன்று பத்திரிகைதான், ஆகவே அந்த விதிகள் நமக்கும் பொருந்தும்.

எப்படிச் செய்தார், எதை வைத்துச் செய்தார், எந்த இடத்தில் என்பது வேண்டாம். கடிதம் வேண்டாம். இறந்தவர் படத்துக்கு மாலை போட்டு, பாட்டு ஓட்டி அஞ்சலி ரீல் போடுவது மிக ஆபத்தானது. அதே நிலையில் இருக்கும் இன்னொரு பிள்ளைக்கு, செத்தால்தான் மதிப்பார்கள் என்று அது சொல்லித்தருகிறது. கயிறு, மாத்திரை, மொட்டை மாடி போன்ற காட்சிகள் குறிப்பாகக்கூட வரக்கூடாது. "நீட் தோல்வியால்", "காதல் தோல்வியால்" என்று ஒரே காரணத்தில் முடிச்சுப் போடாதீர்கள். பல காரணங்கள் சேர்ந்துதான் ஒருவரை அங்கே கொண்டுபோகின்றன. ஒற்றைக் காரணம் சொன்னால், அதே தோல்வியில் இருக்கும் ஆயிரம் பேருக்கு அது வழி காட்டுவதாகிவிடும்.

எடுக்க வேண்டியது இதன் மறுபக்கம். அந்த எண்ணம் வந்தவர் யாரிடம் சொன்னார், அவர்கள் என்ன செய்தார்கள், எப்படி அந்த இரவைத் தாண்டினார் என்பது. இப்படிக் கடந்துவந்த கதைகள் கேட்பவருக்குப் பாதுகாப்பாக அமைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. "உயிரை விடணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் பரவலானது, ஆனால் அது உண்மையில்லை. இதையே நண்பர்களுக்கான ஒரு ரீலாக எடுக்கலாம்.

எண்கள்

ஒரு ரீலில் ஒரு எண், மிஞ்சினால் இரண்டு. பதினைந்து எண் அடுக்கினால் எதையும் யாரும் அடிப்பதில்லை. மத்திய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 14416, 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் நடக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. மாநில சுகாதார உதவி எண் 104. ஆள் இப்போதே ஆபத்தில் என்றால் 108 அல்லது 112.

தமிழ் ரீல் யாழ்ப்பாணத்துக்கும் சிங்கப்பூருக்கும் அரை மணியில் போய்விடும். அங்கே 14416 வேலை செய்யாது. தலைப்புரையில் நாட்டின் பெயரோடு எழுதுங்கள்: இந்தியா 14416, இலங்கை 1926, சிங்கப்பூர் 1767. போடுவதற்கு முந்தின நாள் எண்ணை ஒருமுறை நீங்களே அடித்துப் பாருங்கள். எடுத்தவரிடம் "பதிவில் போடுகிறோம், எண் சரிதானா" என்று கேட்டுவிட்டு உடனே வைத்துவிடுங்கள், அவர்கள் நேரம் இன்னொருவருக்குத் தேவை.

படம், எழுத்து, ஒலி

செங்குத்துப் படம், 9:16, 1080×1920. அடியில் ஐந்தில் ஒரு பங்கிலும் வலது ஓரத்திலும் எழுத்து வைக்காதீர்கள். கணக்குப் பெயரும் லைக் பொத்தானும் அங்கேதான் விழும். உதவி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் பொத்தானுக்கு அடியில் மறைந்துபோன ரீல்கள் எத்தனையோ உண்டு.

யூடியூப் ஷார்ட்ஸும் இன்ஸ்டா ரீலும் இப்போது ஒரு நிமிடத்துக்கு மேலும் இடம் தருகின்றன. அந்த ஆசைக்கு விழ வேண்டாம். 30 முதல் 60 விநாடி போதும்.

பேருந்திலும் வகுப்பிலும் ஒலியை அணைத்துத்தான் பார்ப்பார்கள். மனநலம் என்றால் பக்கத்தில் இருப்பவர் காதில் விழக்கூடாது என்றும் அணைப்பார்கள். ஆகவே பேச்சு முழுவதும் எழுத்தாக ஓட வேண்டும். தானியங்கி எழுத்தை நம்பாதீர்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் அது கண்டபடி எழுதும், "தூக்கம்" "தூக்கு" ஆனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒரு திரைக்கு இரண்டு வரி, வரிக்கு நான்கு சொல்.

சில எடிட்டிங் செயலிகளில் தமிழ் எழுத்து உடையும். 'கொ' என்பதில் கொம்பு தனியாகப் பிரிந்து நிற்கும், புள்ளி பக்கத்து எழுத்தில் ஏறும். எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் எழுத்தை வேறு செயலியில் பின்னணி இல்லாத பி.என்.ஜி. படமாகச் செய்து ரீலின் மேல் ஒட்டுங்கள். ஏற்றுமதி செய்த கோப்பை வேறொரு பழைய போனில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுங்கள்.

குரலுக்கு, காலரில் மாட்டும் சாதாரண மைக் போதும். மின்விசிறியை நிறுத்துங்கள். பின்னணி இசை இல்லாவிட்டாலும் குறையில்லை. சினிமாப் பாட்டு போட்டால் உரிமைச் சிக்கலில் ஒலியே போய்விடலாம், சோகப் பாட்டு என்றால் சேதியும் போய்விடும்.

நோய் கண்டு மீண்டவர் பேசினால்

இதைவிட வலுவான ரீல் இல்லை. இதைவிடக் கவனம் தேவைப்படுவதும் இல்லை. மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்தில் வெளியிடக்கூடாது என்கிறது 2017 சட்டத்தின் 24ஆவது பிரிவு. டிஜிட்டல் வடிவமும் அதில் அடக்கம். சட்டத்தைத் தாண்டியும் சில உண்டு. முகத்தை மட்டும் மங்கலாக்கினால் போதாது. குரல், தெருமுனைக் கடைப் பலகை, வீட்டு வாசல் கோலம், பின்னால் தொங்கும் கல்யாணப் போட்டோ எல்லாம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். எடிட் முடிந்த படத்தைக் காட்டி, ஒரு நாள் விட்டு மறுபடி கேளுங்கள். "எப்போ வேணும்னாலும் எடுத்துடுவோம்" என்று வாக்குக் கொடுக்கும்போதே, வாட்ஸ்அப்பில் பரவியதைத் திரும்ப எடுக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடு என்றால் குரலை மாற்றுவது, இல்லாவிட்டால் எழுத்தாக மட்டும் போடுவது நல்லது. இப்போது சிரமத்தில் இருப்பவரைப் பேச வைக்காதீர்கள்.

போட்ட பிறகுதான் வேலை

இரவு பதினொரு மணிக்குப் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். முதல் இரண்டு நாள் கமெண்டையும் டி.எம்.மையும் (தனிச்செய்தி) பார்க்க இரண்டு பேர் முறை வைத்துக்கொள்ள முடிகிற நேரத்தில்தான் போட வேண்டும். ஆள் இல்லையென்றால் கமெண்டை மூடிவிட்டு, "இந்தக் கணக்கில் அவசர உதவி கிடையாது, 14416" என்று முகப்பில் எழுதிவிடுங்கள்.

கெட்ட வார்த்தைகளை மறைக்க இன்ஸ்டாவில் வடிகட்டி உண்டு. 'லூசு', 'மெண்டல்' என்பவற்றை அதில் போடலாம். 'சாவு', 'செத்துடலாம்' போன்றவற்றைப் போடக்கூடாது. உதவி கேட்டு எழுதியவரின் கமெண்டும் மறைந்துவிடும்.

"சாகணும்போல இருக்கு" என்று ஒருவர் எழுதினால், பொதுவில் ஒரே ஒரு வரி: "எழுதினதுக்கு நன்றி, உங்களுக்குத் தனியா மெசேஜ் பண்ணியிருக்கோம்." தனியே: "இப்போ எங்க இருக்கீங்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா? உயிரை விடணும்னு எண்ணம் வருதா? எதாவது செய்ய ஏற்பாடு பண்ணியிருக்கீங்களா?" ஏற்பாடு இருக்கிறது என்றால் 108 அல்லது 112, இடம் தெரிந்தால் நீங்களே அழையுங்கள். இல்லை என்றால் 14416க்கு அழைக்கச் சொல்லி, அழைத்தாரா என்று ஒரு மணி நேரத்தில் கேளுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். டி.எம்.மில் ஆலோசனை நடத்தாதீர்கள், நீங்கள் ஆலோசகராகவே இருந்தாலும். செயலியில் 'தற்கொலை அல்லது சுய தீங்கு' என்று புகார் செய்யும் வசதி உண்டு. அதை அழுத்தினால் அவருக்கு உதவித் தகவல் போகும்.

நாளும் வாட்ஸ்அப்பும்

அக்டோபர் 10 உலக மனநல நாள், செப்டம்பர் 10 தற்கொலைத் தடுப்பு நாள். அன்றைக்கு எல்லோரும் போடுவார்கள், உங்களுடையது கூட்டத்தில் கரையும். பிளஸ் டூ ரிசல்டுக்கும் நீட் ரிசல்டுக்கும் முந்தின மாலை போடுகிற ஒரு ரீல் அதைவிடப் பயன்படும். பிளஸ் டூ என்றால் மறுதேர்வு, மறுகூட்டல் தேதிகளையும் சேருங்கள். அடுத்த கதவு இருக்கிறது என்பதற்கு ஒரு தேதியைவிட நல்ல சான்று கிடையாது.

ரீலைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அத்தையும் பெரியப்பாவும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். அவர்களுக்கென 30 விநாடிப் பதிப்பு ஒன்று வெட்டுங்கள். எழுத்து பெரிதாக, இன்ஸ்டா கணக்குப் பெயர் இல்லாமல். வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்து எழுத்து மங்கும், முதல் பிரதியை டாக்குமென்டாக அனுப்புங்கள்.

மனநலப் பதிவுக்கு லைக் குறைவாகத்தான் வரும். லைக் போட்டால் நண்பர்களுக்குத் தெரியும். சேமித்தவர்களும் பகிர்ந்தவர்களும் எத்தனை பேர் என்று பாருங்கள். "எந்தக் கிழமை போகணும்?" என்று டி.எம்.மில் கேட்டால் அந்த ரீல் வேலை செய்கிறது. எல்லோரும் மூன்றாவது விநாடியில் ஓடினால் முதல் வரியை மாற்றி மறுபடி போடுங்கள், படத்தைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை.

படத்தின் மேல் பொறித்த எண்ணைப் பிறகு மாற்ற முடியாது. அதனால் எண் தலைப்புரையிலும், முதலில் தெரியும்படி மேலே குத்திவைத்த (pin) கமெண்டிலும் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய பதிவுகளை எடுத்து எண், கிழமை, அறை எண் மூன்றையும் சரிபாருங்கள். அறை மாறியிருந்தால் தலைப்புரையைத் திருத்துங்கள், எண்ணே மாறியிருந்தால் அந்த ரீலை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.